கூப்பிட்டதும் ஓடணுமா?



போன மாதம் ஒரே கணக்கை ஏழு தடவை ஆரம்பித்தேன். பல்லுறுப்புக் கோவை வகுத்தல். மீதி வரும் இடத்துக்குப் போகும்போதெல்லாம் ஒரு குரல் வரும். "ஏ புள்ள, குழாயில தண்ணி வந்துருச்சு." குடத்தோடு ஓடினால் பாதி வழியில் "தம்பி அழுகுறான் பாரு." தம்பியைத் தூக்கினால் "பால் பொங்குது." திரும்பி வந்து உட்கார்ந்தால் எந்த வரியில் விட்டேன் என்றே தெரியாது. மறுநாள் தேர்வில் அதே மாதிரி கணக்கு வந்தது. பாதியில் விட்டுட்டேன். அன்னைக்கு ராத்திரி அழுதேன். அப்போது ஊருக்கு வந்திருந்த பெரியம்மா மகள் அக்கா, "உன்னைய மாதிரித்தான் கம்ப்யூட்டரும். ஆனா அது தப்பிக்க வழி கண்டுபிடிச்சிருச்சு" என்றார். அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அக்காவிடம் பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த மடிக்கணினி இருக்கிறது. அதில் பாஸ் லினக்ஸ் ஓடுகிறது. சி-டாக் நிறுவனம் இந்திய மொழிகளுக்காக உருவாக்கிய இயங்குதளம் அது. அதன் நடுவில் இருப்பது 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கர்னல். கர்னல் என்றால் வீட்டுப் பொறுப்பு முழுவதையும் பார்க்கிற அம்மா மாதிரி.

சிபியு ஒரு வேலை செய்துகொண்டிருக்கும்போது விசைப்பலகை, வட்டு, நெட்வொர்க் எல்லாம் "என்னைப் பாரு" என்று கூப்பிடும். இதற்குப் பெயர் இன்டரப்ட், அதாவது குறுக்கீடு. நாம் ஒரு விசையை அழுத்தினால் ஒரு குறுக்கீடு, விட்டால் இன்னொன்று. உடனே சிபியு, கையிலுள்ள வேலை எந்த இடத்தில் நிற்கிறது என்று குறித்து வைத்துவிட்டு, கூப்பிட்டதைக் கவனித்து, மறுபடி அதே இடத்துக்கு வரும். நான்தான் குறித்து வைக்காமல் ஓடினேன்!

குறுக்கீடே வேண்டாம் என்று சொல்ல முடியுமா? முடியாது. அப்படியானால் தண்ணி வந்துருச்சா வந்துருச்சா என்று நிமிடத்துக்கு ஒரு தடவை குழாயைத் திறந்து பார்க்க வேண்டும். அது இதைவிட வீண்வேலை. கூப்பிடுவது தப்பில்லை. கூப்பிட்டதும் என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

சித்திரைத் திருவிழாவுக்குப் போனவர்கள் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடித்திருப்பீர்கள். கூட்டம் நெரிக்கும். கல்லாவில் இருப்பவர் காசை வாங்கி டோக்கன் கிழித்துக் கொடுப்பார், அவ்வளவுதான். பாலும் கடற்பாசியும் ஐஸ்கிரீமும் போட்டுக் கலக்குவது உள்ளே இருக்கிற மாஸ்டர். கல்லாக்காரரே ஒவ்வொரு டம்ளரும் கலக்கப் போனால் வரிசை தெற்குவாசல் வரைக்கும் நிற்கும். லினக்ஸும் இப்படித்தான் வேலையை மேல் பாதி, கீழ் பாதி என்று பிரிக்கிறது. மேல் பாதி டோக்கன். கீழ் பாதி ஜிகர்தண்டா.

ஆனால் இந்த எளிமை ஒரே நாளில் வரவில்லை. முன்பெல்லாம் குறுக்கீட்டைக் கவனிப்பதில் இரண்டு ரகம் இருந்தது. ஒரு ரகத்தை இடையில் யாரும் கூப்பிட முடியாது. இன்னொரு ரகத்தைக் கவனித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது புகுந்துவிடலாம். குடத்தோடு போகும்போது தம்பி, தம்பியைத் தூக்கும்போது பால்! எங்கே விட்டோம் என்று குறித்து வைக்கிற இடம் கர்னலில் சில கிலோபைட்தான். குறிப்புமேல் குறிப்பாக ஏறினால் அது நிரம்பி வழிந்து கம்ப்யூட்டரே நின்றுபோகலாம். 2010-இல் ஒரு முடிவு எடுத்தார்கள். இனி ஒன்றைக் கவனிக்கும்போது அந்த சிபியுவில் இன்னொன்று நுழையக் கூடாது, அதற்குப் பதில் கவனிக்கிறவர் சீக்கிரம் முடித்துவிட வேண்டும். இரண்டு ரகத்தைப் பிரித்த அடையாளத்தை 2015-இல் கர்னலில் இருந்தே எடுத்துவிட்டார்கள்.

அதற்கு முன்பே 2009-இல் தாமஸ் கிளைக்ஸ்னர் என்பவர் செய்த ஏற்பாடு கர்னலில் சேர்ந்தது. குறுக்கீட்டின் பெரிய வேலையைத் தனி இழையாக வைத்துவிடலாம். மற்ற வேலைகளோடு அதுவும் வரிசையில் நிற்கும். எது அவசரமோ அது முன்னே போகும். கூப்பிட்டது என்பதற்காகவே யாரும் முன்னுக்கு வர முடியாது. இந்த எண்ணத்தை முழுசாகக் கொண்ட நிகழ்நேர லினக்ஸ், 20 வருட உழைப்புக்குப் பிறகு 2024-இல் முதன்மைக் கர்னலில் சேர்ந்தது. வேகமாக ஓடி ஜெயிக்கவில்லை. கூப்பிட்ட நேரத்தில் செய்கிற வேலையைக் குறைத்து ஜெயித்தார்கள்.

நம்ம தமிழ்நாட்டிலும் உதாரணம் உண்டு. சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி குழுவினர் உருவாக்கிய சக்தி செயலியின் சில்லுகள் 2018-இல் வந்தன. அது ரிஸ்க்-வி என்ற திறந்த முறையில் அமைந்தது. அந்த முறையில் வெளியிலிருந்து வரும் குறுக்கீட்டுக்கு இரண்டே சொல்: "எடுத்துக்கிட்டேன்", "முடிச்சுட்டேன்". பல சிபியு இருந்தால் முதலில் எடுத்தவருக்குத்தான் வேலை. மற்றவர் கேட்டால் பூஜ்யம் என்று பதில் வரும். சண்டையே கிடையாது!

இப்போது என் கருத்துக்கு வருகிறேன்.

அக்காவின் கணினியில் எந்த சிபியு எத்தனை குறுக்கீட்டைப் பார்த்தது என்று காட்டும் பட்டியல் ஒன்று உண்டு. திறந்து பார்த்தோம். முதல் சிபியு வரிசையில் எண்கள் நீளமாக இருந்தன. மற்றவற்றில் பல இடத்தில் பூஜ்யம். "பங்கு போட்டுக் கொடுக்கிற நிரலை ஓடவிடலைன்னா ஒரே ஆள் தலையில விழும்" என்றார் அக்கா. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. எங்க வீட்டில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிற அண்ணனுக்கு வரிசை முழுக்கப் பூஜ்யம்தான்! தோழிகளே, உங்கள் வீட்டிலும் "ஏ புள்ள" என்றுதானே கூப்பிடுகிறார்கள்? "ஏலே" என்று எத்தனை தடவை கூப்பிடுகிறார்கள்?

"வீடு என்ன கம்ப்யூட்டரா?" என்று அண்ணன் கேட்டான். நியாயமான கேள்விதான். பால் பொங்கினால் டோக்கன் கொடுக்க முடியாது. கம்ப்யூட்டரிலும் மறுக்கவே முடியாத குறுக்கீடு உண்டு. குழாய்த் தண்ணியும் அப்படித்தான், விட்டால் போய்விடும். ஆனால் குடத்தை அடியில் வைப்பதுதான் அவசரம். வைத்தால் போதும். தூக்கித் தொட்டியில் ஊற்றுவது ஒரு கணக்கு முடிந்தபிறகு செய்யலாம். எல்லாவற்றையும் அவசரம் என்று நாமேதான் நினைத்துக்கொள்கிறோம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்?

பள்ளிக்கும் ஒரு வேண்டுகோள். பாடம் நடக்கும்போது வரும் சுற்றறிக்கையை ஆசிரியர்கள் மேசைமேல் வைத்துவிட்டு, பாடவேளை கடைசியில் வாசிக்கலாமே. அவசரமானதை மட்டும் உடனே வாசிக்கட்டும். பாதியில் நின்ற பாடத்தைத் தொடரும்போது கடைசி பெஞ்சுக்காரர்கள் திரும்பி வருவதே இல்லை.

எங்க வீட்டு அடுப்படியில் ஒரு சிலேட்டு மாட்டியிருக்கிறேன். வேலையை எழுதுவோம். யார் முதலில் "எடுத்துக்கிட்டேன்" என்கிறார்களோ அவர்களுடையது. ஒரு வாரத்தில் அண்ணன் மூன்று வேலை எடுத்தான். நான் பதினொன்று. இன்னும் சமம் இல்லை, ஆனால் பூஜ்யம் போய்விட்டது.

சிலேட்டைப் பார்த்து அம்மா சிரித்தார்கள். "சரிடி, நான் செய்யிற வேலையெல்லாம் எந்தச் சிலேட்டுல எழுதப்போற?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. எங்க வீட்டின் முதல் சிபியு நான் இல்லை, அம்மாதான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அடுத்த வாரம் பெரிய சிலேட்டாக வாங்க வேண்டும்.

இது என் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் அடுத்த இதழில் எழுதுங்கள். நான் குறுக்கே பேச மாட்டேன்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி