ஸ்ட்ராட் பிரபுவின் கோட்டைக்கு எந்த விதிகள்?

மேசையைச் சுற்றி நால்வரோ ஐவரோ அமர்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்க, நடத்துநர் ஒருவர் கதையை முன்னெடுத்துச் செல்ல, ஐயத்துக்குரிய கணங்களைப் பகடை தீர்மானிக்கும் விளையாட்டுக்களில், கதையுலகத்தைத் தெரிவுசெய்வது சுலபம். அதனை எந்த விதிகளின் கீழ் ஆடுவது என்பதில்தான் சச்சரவு தொடங்குகிறது. விதிகளை வெறும் கணக்குவழக்காகக் கருதுவோர் பலர். ஆனால் ஒரு பாத்திரம் எதை இழக்கக்கூடும், எதை இழக்காது என்பதை விதிகளே வரையறுக்கின்றன. பயங்கரக் கதைக்கு அதுவே உயிர்நாடி.

ரேவன்லொஃப்டை எடுத்துக்கொள்வோம். டிராசி ஹிக்மன், லோரா ஹிக்மன் தம்பதியர் எழுதி 1983 இல் வெளியான சாகசம் அது. பனிமூட்டம் சூழ்ந்த பரோவியா; அதன் கோட்டையில், தம்பியின் மணப்பெண்மீது மோகங்கொண்டு தம்பியையே கொன்று இரத்தக்காட்டேரியாகிப்போன ஸ்ட்ராட் பிரபு. 1990 இல் டிஎஸ்ஆர் நிறுவனம் அதனைத் தனியொரு உலகமாக விரித்து வெளியிட்டது. விதிகளோ 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' விளையாட்டினுடையவை. வாளேந்திய வீரர்கள் நாளுக்கு நாள் பலம் பெருகி வளரும் விதிகளைக் கொண்டு எவரைப் பயமுறுத்த முடியும் என்ற கேள்வி அன்றுதொட்டுக் கேட்கப்படுகிறது. 'கோல் ஒஃப் க்துலு' விளையாட்டின் விதிகளுக்கு மாறிவிடுங்கள் என்பதே வழக்கமாகக் கிடைக்கும் ஆலோசனை.

இந்த ஆலோசனையில் எனக்கு உடன்பாடில்லை.

சண்டி பீற்றர்சன் எழுதி 1981 இல் வெளியான அந்த விளையாட்டு மகத்தானது என்பதில் மறுபேச்சில்லை. அதில் பாத்திரத்தின் சித்தத்தெளிவு ஓர் எண்ணாக நிற்கிறது; காணக்கூடாதவற்றைக் காணக்காண அது தேய்கிறது. பிரபஞ்ச இரகசியங்களை எவ்வளவு அதிகம் அறிகிறீர்களோ, உங்கள் சித்தத்தெளிவின் உச்சவரம்பு அவ்வளவுக்கு இறங்குகிறது. லவ்கிராஃப்டின் கதையுலகுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. அங்கே மனிதன் ஒரு பொருட்டே அல்ல. கோதிக் மரபு இதற்கு நேர்மாறானது. அங்கே மனிதன் செய்த பாவம் பெரும் பொருட்டு. மண்ணும் கோட்டையும் தலைமுறைகளும் ஒருவனது பாவத்தைச் சுமக்கின்றன. ஸ்ட்ராட் புத்தி பேதலித்தவன் அல்லன், தெரிந்தே செய்தவன். சித்தத்தெளிவை அளக்கும் கோல் கொண்டு அவனை அளக்க முடியாது.

1990 ஆம் ஆண்டின் தொகுதி இதனைப் புரிந்துவைத்திருந்தது. அச்சத்துக்கும் திகிலுக்கும் தனித்தனிச் சோதனைகளை வகுத்ததோடு, இருட்சக்திகளின் சோதனை என்ற ஒன்றையும் அது வகுத்தது. வீரர்கள் கைதியொருவனைச் சித்திரவதை செய்து உண்மையைக் கறக்கின்றனர் என வைத்துக்கொள்வோம். நடத்துநர் பகடையை உருட்டுகிறார். பெரும்பாலும் எதுவும் நிகழாது. நிகழ்ந்தாலோ, தண்டனையோடு ஒரு வரமும் கிட்டுகிறது: இருளில் பார்க்கும் கண் போன்ற ஓர் ஆற்றல், கூடவே உடலில் ஓர் அருவருப்பான மாற்றம். அடுத்த கொடுமைக்கு அந்த ஆற்றலே கைகொடுக்கும். இப்படியே படிப்படியாக இறங்கிச் செல்பவன், ஈற்றில் தனக்கென ஓர் இருள்நாட்டைப் பெற்று அதிலேயே சிறைப்படுகிறான். பாத்திரம் வீரரின் கையைவிட்டு நடத்துநரிடம் போய்விடுகிறது. பலம் பெருகுவதையே இலக்காகக் கொண்ட விளையாட்டில், பலத்தையே தூண்டிற்புழுவாக்கிய இந்த யோசனையை நான் வியக்கிறேன். வளர்ச்சிக்கு இடமில்லாத விதிகளில் இந்தத் தூண்டில் எடுபடாது.

பழைய விதிகளில் இன்னொன்றும் இருந்தது. இரத்தக்காட்டேரியின் ஒரே அடியில் இரண்டு படிநிலைகள் பறிபோகும். மாதக்கணக்கில் ஆடிச் சேர்த்தது ஒரு நொடியில் கரையும்போது, அஞ்சுவது பாத்திரம் மட்டுமல்ல, வீரருந்தான். 2014 இல் வெளியான ஐந்தாம் பதிப்பின் விதிகளிலோ, கடியால் குன்றிய உயிர்ப்புள்ளிகள் எட்டு மணிநேர நீண்ட ஓய்வில் மீண்டுவிடுகின்றன. உறங்கி எழுந்தால் தீரும் காயத்துக்கு எவர் அஞ்சுவர்?

மரக்கட்டைக் கோபுரத்திலிருந்து ஒவ்வொரு கட்டையாக உருவி ஆடும் 'ட்ரெட்' விளையாட்டையும் சிலர் சிபாரிசு செய்வதுண்டு. கோபுரம் சரிந்தால் பாத்திரம் ஒழிந்தது. ஓரிரவுக் கதைக்கு அருமை. மாதக்கணக்கில் நீளும் வீழ்ச்சிக்கு உதவாது.

2021 இல் வந்த வான் ரிக்டனின் வழிகாட்டி நூல், எவரெவருக்கு எது தாங்கமுடியாதது என்பதை ஆட்டத்துக்கு முன்பே கேட்டறியும்படி நடத்துநருக்கு அறிவுறுத்துகிறது. வரவேற்கத்தக்க விடயம். ஆனால் அதே நூலில், இருட்கொடைகளைப் பாத்திரத்தை உருவாக்கும்போதே வீரர் தாமாகத் தெரிவுசெய்துகொள்ளலாம். பாவம் செய்யுமுன்பே சம்பளம்!

ஆகவே, 2016 இல் வெளியான 'கேர்ஸ் ஒஃப் ஸ்ட்ராட்' நூலை வைத்து ஆட முனைவோர் விதித்தொகுதியை மாற்றத் தேவையில்லை. கடியால் இழந்தது ஓரிரவுத் துயிலில் மீளாதவாறு செய்யுங்கள். இருட்சக்திகளின் சோதனையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அதனை இரகசியமாக உருட்டாமல், "இதைச் செய்தால் பகடை உருளும்" என்று வீரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஸ்ட்ராட் தெரிந்தே செய்தான், அவர்களும் தெரிந்தே செய்யட்டும்.