மேண்டிலும் மணலும்

சென்ற மாதம் எர்ணாவூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மாப்பிள்ளை நம்மிடம் படித்த பிள்ளை. பந்தியில் இலை போட்டுப் பாயஸம் வருகிற சமயத்தில் மின்சாரம் நின்றுவிட்டது. ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டு மௌனமாயிற்று. கைபேசி வெளிச்சத்தில் சாம்பார் வாளிக்காரர் தடுமாறிக்கொண்டிருக்கையில், மாப்பிள்ளையின் தகப்பனார் வீட்டுப் பரணிலிருந்து ஒரு பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கை இறக்கிக் கொண்டுவந்தார். மேண்டிலைக் கட்டி, காற்றடித்து, ஏற்றி வைத்தார். பந்தல் முழுவதும் பால்போல் வெளிச்சம் பரவிற்று. மேண்டிலைத் தொட்டு உடைத்த சினிமா ஹாஸ்யத்தைத் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லையாகையால், எந்தக் குழந்தையும் கிட்டே போகாதபடி இரண்டு பெரியவர்கள் காவல் நின்றார்கள்.

அந்தத் தகப்பனார் காசிமேட்டில் விசைப்படகில் தொழில் செய்கிறவர். இலையை எடுத்தபின் நம் அருகே வந்து உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டார்.

"ஸார், இந்த மேண்டில்லே இருக்கிற சரக்கு கன்னியாகுமரிப் பக்கத்து மணல்லேருந்து வருதாமே? அதிலேயே கரண்டு எடுக்கலாம்னு பேப்பர்லே போட்டிருந்தான். அப்புறம் எதுக்கு நம்ம தலையிலே கரிச் சாம்பலைக் கொட்டறான்?"

கேள்வி நியாயமானது. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-ம் வருஷம் முதல் 2017 வரை நிலக்கரியை எரித்தது. அது ஓய்ந்த பின்னும் அத்திப்பட்டுப் பக்கத்திலுள்ள வட சென்னை நிலையம் எரித்துக்கொண்டுதான் இருக்கிறது. சாம்பல் நம்முடையது, மின்சாரம் எல்லோருக்கும் பொது. பந்தியில் விளக்கு அணைந்த நேரம் பார்த்து ஒருவர் இதைக் கேட்டால், பௌதிகம் கற்பிக்கிறவன் பதில் சொல்லாமல் எழுந்துவர முடியுமா? அன்று அரைகுறையாகச் சொன்னதை இந்த வாரம் நேயர்களுக்குச் சற்று விரிவாகச் சொல்லுகிறோம்.

மேண்டில் விஷயத்தில் அவர் சொன்னது சரிதான். ஆஸ்திரிய ரஸாயனியான ஆவர் வான் வெல்ஸ்பாக் என்பவர் 1891-ம் வருஷத்தில் கண்ட பாகத்தின்படி, பழைய மேண்டிலில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தோரியம் ஆக்ஸைடு. மிகுதி ஒரு பங்கு சீரியம். நூல் வலையை அந்த உப்பில் நனைத்து உலர்த்துவார்கள். முதல் தடவை கொளுத்தும்போது நூல் எரிந்துபோகும்; உப்பின் எலும்புக்கூடு மாத்திரம் நின்று ஒளி வீசும். (இப்பொழுது பல தேசங்களில் தோரியத்துக்குப் பதில் வேறு பொருளைச் சேர்க்கிறார்கள்.) இந்தத் தோரியத்துக்காகத்தான் 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் திருவாங்கூர்க் கடற்கரையில் மோனஸைட் மணலைத் தேடிக் கண்டுபிடித்தார். அந்தக் கரையின் மணவாளக்குறிச்சி 1956-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அங்கே மணல் எடுப்பதைக் கடலோர ஜனங்கள் எதிர்த்து வருவதும் உண்டு. ஆகையால், அந்த மணல் யாருக்கும் சும்மா கிடைத்துவிடுகிறது என்று நாம் இங்கிருந்து எண்ணிவிடக் கூடாது.

ஆனால் தோரியத்தைக் கரியைப்போல் அள்ளிப்போட்டுக் கொளுத்த முடியாது. ஏன் முடியாது என்பதற்கு அணுவின் கருவைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். அதைக் கண்ணால் பார்த்தவர் எவரும் இல்லை. தோரிய அணு ஒன்றை ஐந்து கிலோமீட்டர் அகலமுள்ள ஓர் ஊர் அளவுக்குப் பெருக்கினால், அதன் கரு நடுவே ஒரு தேங்காய் அளவுதான் இருக்கும். அணுவின் கனம் ஏறக்குறைய முழுவதும் அந்தத் தேங்காயில். அப்படியிருக்க, அதற்குள் என்ன இருக்கிறதென்று எப்படிச் சொல்லுகிறார்கள்?

சந்தையில் பாட்டி தேங்காய் வாங்குகிற மாதிரிதான். அவள் அதை உடைத்துப் பார்ப்பதில்லை. காதருகே வைத்துச் சுண்டுகிறாள். அணுவையும் சுண்டிப் பார்த்தே அறிந்திருக்கிறார்கள். மான்செஸ்டரில் ரூதர்போர்டின் சீடர்களான கைகரும் மார்ஸ்டனும் 1909-ல், மெல்லிய உலோகத் தகட்டின்மேல் ஆல்பாத் துகள்களை வீசினார்கள். துகள் பட்ட இடத்தில் ஒரு திரை லேசாக மினுக்கும். இருட்டறையில் உட்கார்ந்து, கண் பழகுகிறவரை காத்திருந்து, மினுக்கல்களை ஒன்று, இரண்டு என்று எண்ணினார்கள். பிளாட்டினத் தகட்டில் பட்ட எட்டாயிரம் துகள்களில் ஒன்று வந்த வழியே திரும்பிற்று. அந்த ஒன்றைக்கொண்டு 1911-ல் ரூதர்போர்ட், அணுவின் நடுவே கெட்டியான ஒரு கரு இருக்கிறதென்றார். எட்டாயிரத்தில் ஒன்றுதானே என்று அதை அவர்கள் தள்ளிவிட்டிருந்தால், பள்ளிக்கூடப் பாடப் புஸ்தகங்களில் இன்று அணுவின் படம் வேறு மாதிரி இருந்திருக்கும். நம் பிள்ளைகள் அந்தப் படத்தை நெட்டுருப் போடுகிறார்களே தவிர, எண்ணியவர்களின் கதை அவர்கள் காதில் விழுவதில்லை.

ஆல்பாத் துகளில் ஒரு தொல்லை உண்டு. அது நேர் மின்சாரம் உடையது, கருவும் அப்படியே. ஒன்றையொன்று தள்ளும். 1932-ல் கேம்பிரிட்ஜில் சாட்விக், மின்சாரமே இல்லாத நியூட்ரானைக் கண்டுபிடித்ததும் இந்தத் தடை போயிற்று. வாசலில் காவலன் கேள்வி கேட்காத விருந்தாளி அது. இரண்டு வருஷம் கழித்து, ரோமாபுரியில் பெர்மியும் அவருடைய தோழர்களும் இன்னொரு விசித்திரத்தைக் கண்டார்கள். நியூட்ரான் வேகமாகப் போவதைவிட மெதுவாகப் போனால் கருக்கள் அதை அதிக ஆவலோடு விழுங்குகின்றன. மெழுகும் தண்ணீரும் அதை நிதானப்படுத்துகின்றன. பரிசோதனைச் சாலைத் தோட்டத்தில் மீன்கள் நீந்திக்கொண்டிருந்த குளத்திலேயே இதைப் பரீக்ஷித்தார்கள்!

1938 டிஸம்பரில் பெர்லினில் ஹானும் ஸ்ட்ராஸ்மனும் நியூட்ரான் பட்ட யுரேனியத்தில் பேரியம் இருக்கக் கண்டு திகைத்தார்கள். கரு இரண்டாகப் பிளந்துபோகிறதென்று லிஸே மைட்னரும் பிரிஷும் விளக்கினார்கள். ஒரு கரு பிளந்தால் வெளிப்படும் சக்தி சுமார் இருபது கோடி எலக்ட்ரான்-வோல்ட். ஒரு கரி அணு எரிந்தால் கிடைப்பது நாலு எலக்ட்ரான்-வோல்ட். இந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் உலகம் மதிமயங்கிற்று.

அப்பொழுதே தோரியமும் சோதனைக்கு வந்துவிட்டது. திருச்சி செயிண்ட் ஜோஸப் கல்லூரியில் படித்து, ராமனிடம் ஆராய்ச்சி பயின்ற ஆர். எஸ். கிருஷ்ணன் அந்த வருஷங்களில் கேம்பிரிட்ஜில் இருந்தார். அங்கே ஸைக்ளோட்ரான் என்னும் யந்திரத்தால் டியூட்ரான் துகள்களை விரட்டி யுரேனியத்தையும் தோரியத்தையும் பிளந்து, காண்ட் என்பவரோடு சேர்ந்து 1941-ல் ராயல் ஸொஸைட்டியின் பத்திரிகையில் முடிவுகளை வெளியிட்டார். மணல் போன கப்பலின் வழியே நம்மவர் ஒருவரும் போய் அதன் கருவைச் சுண்டிப் பார்த்தாரென்பதில் நமக்கு ஒரு திருப்தி.

இனி தகப்பனார் கேட்ட கேள்விக்கு வருவோம். மெதுவான நியூட்ரான் பட்டால் தோரியம் பிளப்பதில்லை, அதை விழுங்கிக்கொள்கிறது. விழுங்கிய தோரியம் சுமார் 22 நிமிஷத்தில் பாதியளவு புரோடாக்டினியம் என்ற வேறு மூலகமாக மாறுகிறது. அது சுமார் 27 நாளில் பாதியளவு யுரேனியம் 233 ஆகிறது. இந்த 233-தான் பிளக்கும். இயற்கையில் இது கிடையாது. அமெரிக்காவில் ஸீபோர்க் முதலியவர்கள் 1941-42-ல் இதை முதன்முதலாகப் பிரித்துச் சோதித்தார்கள். ஆகவே தோரியம் ஈர விறகு மாதிரி. வேறொரு அடுப்பின் அனலில் உலர்த்தி எடுத்த பின்புதான் எரியும். அந்த 27 நாளைக்குள் புரோடாக்டினியத்தின்மேல் மறுபடி ஒரு நியூட்ரான் பட்டுவிட்டால் 233 கிடைக்காமலே போய்விடும்.

அப்படியானால் இத்தனை சிரமம் ஏன்? இங்கேதான் பரிசோதனைக்காரர்கள் அளந்த ஒரு சின்ன எண் வருகிறது. மெதுவான நியூட்ரான் ஒன்றை யுரேனியம் 233 ஏற்றுக்கொண்டால், சராசரியாக எத்தனை புது நியூட்ரான் திரும்பி வரும்? அளந்து பார்த்ததில் சுமார் 2.3 என்று வந்தது. யுரேனியம் 235-க்கு இது 2.1-ஐக்கூட எட்டவில்லை. தசம ஸ்தானத்தில் உள்ள வித்தியாசம் என்று அலட்சியமாக நினைக்கக் கூடாது. ஒரு நியூட்ரான் அடுத்த பிளவுக்கு வேண்டும். இன்னொன்று புதுத் தோரியத்தை 233 ஆக்குவதற்கு வேண்டும். ஆகச் செலவு இரண்டு. சுவரிலும் தண்ணீரிலும் வீணாவது போக, 2.3 வரவுள்ளவனுக்குக் கையில் ஏதோ மிஞ்சும். இரண்டு செலவில் 2.1-க்கும் குறைந்த வரவுள்ளவன் மாசக் கடைசியில் கடன் வாங்க வேண்டியதுதான். குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இந்தக் கணக்கை அதிகம் விளக்க வேண்டியதில்லை. அந்த எண் இரண்டுக்குக் கீழே இருந்திருந்தால், மணவாளக்குறிச்சி மணலைப்பற்றி ஒருவரும் பேசியிருக்க மாட்டார்கள்.

இந்த 233-ஐ நம் தேசத்தில் கையால் எடுத்துப் பார்த்தது எங்கேயென்றால், பம்பாய்க்கு அருகே டிராம்பேயில். அங்கே 1956 ஆகஸ்டு 4-ந் தேதி அப்ஸரா என்ற முதல் உலை இயங்கிற்று. தாம்பரம் கிறிஸ்துவக் கல்லூரியில் படித்த ராஜா ராமண்ணாவும் அவருடைய குழுவினரும் அதன் நியூட்ரான்களைக்கொண்டே கருப் பிளவைப்பற்றிய நுட்பமான ஆராய்ச்சிகளைச் செய்தார்கள். பிறகு வந்த ஸிரஸ் உலையில் தோரியத்தை வைத்து வாட்டி, அதிலிருந்து 233-ஐப் பிரித்தெடுத்தார்கள். 1984-ல் பூர்ணிமா இரண்டு என்ற சிற்றுலை அதன் கரைசலிலேயே இயங்கிற்று.

கடைசியில், சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்தில், 1996 அக்டோபர் 29-ந் தேதி "காமினி" இயங்கத் தொடங்கிற்று. பெயரைக் கேட்டு எவரும் நாட்டிய மங்கையென்று நினைக்க வேண்டாம். கல்பாக்கத்து மினி என்பதன் சுருக்கம். அதிலுள்ள யுரேனியம் 233 சுமார் 600 கிராம். வீட்டில் காப்பிப் பொடி டப்பாவில் இருக்கும் எடை. அதன் வெப்ப சக்தி 30 கிலோவாட், அதாவது ஆயிரம் வாட் மின்சார அடுப்பு முப்பதுக்குச் சமம். அதிலிருந்து மின்சாரம் எடுப்பதில்லை. எக்ஸ்-ரே ஊடுருவ முடியாத கனத்த உலோகத்தினூடே நியூட்ரானைச் செலுத்திப் படம் பிடிக்கவும், வேறு பொருள்களைச் சோதிக்கவும் அது உதவுகிறது. ராக்கெட்டுகளில் வெடித்துத் திறக்கும் சிறு உறுப்புகளுக்குள் மருந்து சரியாக நிரம்பியிருக்கிறதா என்று பார்த்ததும் இப்படித்தான்.

முப்பது அடுப்புக்கு மேல் ஏன் போகவில்லை என்று கேட்கலாம். 233 உண்டாகும்போது கூடவே யுரேனியம் 232 என்ற துஷ்டனும் கொஞ்சம் உண்டாகிறான். அவனுடைய சந்ததியில் வரும் தாலியம் மிகக் கடுமையான காமாக் கதிரை வீசுகிறது. ஆகையால் கனத்த சுவருக்குப் பின்னே நின்று யந்திரக் கைகளால்தான் எரிபொருளைச் செய்ய வேண்டும், செலவு ஏறும். இரண்டாவது, முதலில் உலர்த்துவதற்கு வேறு அடுப்பு வேண்டுமே! அதனால்தான் 1954-ல் ஹோமி பாபா மூன்று படிகள் வகுத்தார்: இயற்கை யுரேனிய உலைகள், அவற்றில் விளையும் புளூட்டோனியத்தை எரிக்கும் வேக உலைகள், பிறகு தோரியம். கல்பாக்கத்தில் முதல் படியின் உலை 1983-ல் இயங்கிற்று. இரண்டாம் படிக்கான சிறு பரிசோதனை உலை 1985-ல் வந்தது. 500 மெகாவாட் வேக உலையின் மையத்தை நிரப்பும் வேலை தொடங்கியதோ 2024 மார்ச்சில்தான். பத்திரிகைகளில் சிலர் எழுதுவதுபோல் நாளைக் காலையில் தோரிய மின்சாரம் வந்துவிடுமென்று நாம் சொல்லமாட்டோம். அது வரும்வரை கரிச் சாம்பலைப் பொறுத்துக்கொள் என்று எர்ணாவூர்க்காரரிடம் சொல்லவும் நமக்கு வாய் வராது. சாம்பலை ஒழுங்காகப் பிடித்து வைப்பதற்கு அணு ஆராய்ச்சி ஒன்றும் வேண்டியதில்லை. இன்னொன்று: நிலக்கரியிலேயே பத்து லக்ஷத்தில் ஒரு சில பங்கு தோரியம் உண்டு. எரிந்தபின் அது சாம்பலில் இன்னும் செறிந்து தங்குகிறது. மேண்டிலில் இருந்த சரக்கு அவர் வீட்டுக் கூரைமேலும் சொற்பம் இருக்கத்தான் செய்யும்.

இதையெல்லாம் சுருக்கிச் சொன்னபோது, தகப்பனார் மேண்டிலைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த இருபத்தேழு நாளைக் கொஞ்சம் சுருக்க முடியாதா ஸார்? நல்லா சூடு பண்ணினா?" என்றார்.

"முடியாது. சுட்டாலும் குளிரவைத்தாலும், அமுக்கினாலும் நசுக்கினாலும் கரு தன் கெடுவை மாற்றிக்கொள்ளாது" என்றோம்.

அவர் சிரித்தார். "இதுவும் தடைக்காலம் மாதிரின்னு சொல்லுங்க. மீன் குஞ்சு வைக்கட்டும்னு ஏப்ரல் பதினஞ்சிலேருந்து அறுபத்தொரு நாள் படகைக் கட்டிப்போட்டுக் கரையிலே குந்திக்கிறோம் இல்லே? அதுக்கு நிவாரணப் பணமாவது தர்றாங்க. சாம்பலுக்கு யார் ஸார் தருவாங்க?"

நாம் பதில் சொல்லுமுன் மின்சாரம் வந்துவிட்டது. அவர் எழுந்துபோய், மேண்டில் உதிர்ந்துவிடாதபடி விளக்கை மெல்ல அணைத்து, மறுபடியும் பரணில் ஏற்றி வைத்தார்.