குறட்டையை மறைக்க வேண்டா

எண்டோஸ்கோப்பிக்கு முன் உடல் எடையையும் குறட்டையையும் பற்றி வினவினால், பலர் முகம் சுளிக்கின்றனர். அவ்வினா ஏளனத்தால் எழுவதன்று.

மயக்க மருந்து செலுத்தியதும் தொண்டைத் தசைகள் தளரும். பருமனானவர்களுக்குக் கழுத்துக் கொழுப்பால் மூச்சுப்பாதை ஏற்கெனவே குறுகியிருக்கும். படுத்திருக்கையில் வயிற்றின் கனம் உதரவிதானத்தை அழுத்த, நுரையீரலில் ஆக்சிஜன் இருப்பும் குறையும். ஆதலால் மூச்சு தடைபட்டால் இரத்த ஆக்சிஜன் விரைவில் 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கக்கூடும்.

முன்கூட்டியே அறிந்தால் மருத்துவர் மருந்தை அளந்து செலுத்துவார்; தலைப்பக்கத்தை உயர்த்துவார்; மூக்குவழி ஆக்சிஜனைத் தொடக்கத்திலேயே அளிப்பார். விரலில் பொருத்தும் கருவி ஆக்சிஜன் குறைந்த பின்னரே எச்சரிக்கும். வெளிமூச்சின் கரியமில வாயுவை அளக்கும் கருவி, மூச்சுத் தடையை அதற்கு முன்பே காட்டிவிடும். அக்கருவி உண்டா எனக் கேட்பதில் தவறில்லை.

உறங்குபவர் தம் குறட்டையை அறியார்; அருகில் இருப்பவரே அறிவார். ஆகவே உறவினர்களே, நோயாளி தயங்கினாலும் நீங்கள் சொல்லுங்கள். உறக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு வருவதைக் கண்டிருந்தால் அதைக் கட்டாயம் கூறுங்கள். வீட்டில் சிபாப் கருவி பயன்படுத்துவோர் அதனை உடன் கொண்டுவாருங்கள். கூச்சத்தால் மறைத்த செய்தி, மயக்கத்தில் இருப்பவரின் மூச்சுக்கே இடராகலாம்.