படிப்பின் நேரமும் கைபேசியின் நேரமும்

சமூக ஊடகம் மாணவரின் மதிப்பெண்ணைக் குறைக்கிறதா என்ற கேள்விக்கு, எத்தனை மணி நேரம் பார்க்கிறார் என்ற கணக்கு மட்டும் விடை தராது. அந்த நேரம் எதிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதே முக்கியம். விளையாட்டு நேரத்தில் போனால் ஒரு விளைவு; படிப்பு நேரத்திலும் தூக்கத்திலும் போனால் வேறு விளைவு.

இந்தியாவின் ஊரகப் பகுதிகளில் 14 முதல் 18 வயதுவரை உள்ளவர்களிடம் 2023இல் நடந்த ‘அசர்’ கல்வி நிலை ஆய்வில், ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் முந்தைய வாரத்தில் சமூக ஊடகம் பார்த்திருந்தனர். படிப்புக்காக ஸ்மார்ட்போனைத் தொட்டவர்கள் மூன்றில் இரண்டு பங்கினரே. அதே ஆய்வில் கால்வாசிப் பேரால் இரண்டாம் வகுப்புப் பாடத்தை மாநில மொழியில் சரளமாக வாசிக்க முடியவில்லை. சமூக ஊடகம்தான் வாசிப்புத் திணறலுக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. வாசிக்கத் திணறும் பிள்ளை காணொளியில் ஒதுங்குவதும் உண்டு.

பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரி உடைக்கும் வீடுகளிலும் நெய்வேலிச் சுரங்கத்துக்கு ஷிப்ட் போகும் வீடுகளிலும் படிப்பு நேரமும் தூக்கமும் பறிபோகும் விதம் தெளிவாகத் தெரியும். வீட்டில் ஒரே கைபேசி என்றால், பெரியவர்கள் வேலை முடிந்து திரும்பிய பிறகே அது பிள்ளையின் கைக்கு வரும். வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குழுவில் காத்திருக்கும். கணக்கை நோட்டில் எழுதி முடிப்பதற்குள் இன்ஸ்டாகிராம் அறிவிப்பு மேலே வந்து நிற்கும். ஒரு ரீல் பத்தாகும். மணி பதினொன்றைத் தாண்டும். படித்தது மனத்தில் பதிவதற்குத் தூக்கம் வேண்டும். அதுவும் குறைந்தபின், மறுநாள் முதல் பாடவேளை கண்ணயர்வில் கழியும்.

கவனம் சிதறினால் மீண்டும் பாடத்தில் ஒன்ற 20 நிமிடம் வரை ஆகலாம் என்கிறது யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டு அறிக்கை. இங்கிலாந்துப் பள்ளிகளில் கைபேசித் தடையின் விளைவை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வில், பின்தங்கிய மாணவர்களே அதிகம் முன்னேறினர். நன்றாகப் படிப்பவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை. ஆக, சிதறலின் சுமை படிப்பில் பின்தங்கிய பிள்ளைகள் மீதே கூடுதலாக விழுகிறது.

ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுத்துள்ளது. இங்கோ, 2020இன் ஊரடங்குக்குப் பின் கைபேசியே கரும்பலகையின் வேலையையும் செய்கிறது. அதனால் முதலில் வேண்டியது படிப்பையும் கைபேசியையும் பிரிப்பது. வீட்டுப்பாடத்தைப் பள்ளி முடியும் மணி அடிக்கும் முன்பே நோட்டில் எழுத வைக்கலாம். இரவில் கைபேசியைப் பெற்றோர் உட்பட எல்லோரும் ஓரிடத்தில் வைத்துவிடலாம். வாசிப்பில் பின்தங்கியவர்களுக்குப் பள்ளியிலேயே தனிப் பயிற்சி தர வேண்டும். வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் திரையை விட்டுத் திரும்பிவர ஒரு புத்தகம் இருக்கும்.