கம்மாபுரம் முதல் திருப்புவனம் வரை

2021இல் 'ஜெய் பீம்' திரைப்படம் வெளிவந்தபோதுதான் நம்மில் பலருக்குக் கம்மாபுரம் காவல் நிலையத்தின் பழைய கதை தெரியவந்தது. 1993 மார்ச்சில், முதனை கிராமத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு என்னும் ஏழைத் தொழிலாளி, நகை திருடியதாகச் சந்தேகித்து அங்கே அழைத்துச் செல்லப்பட்டார். அவர் குறவர் இனத்தவர். படத்தில் இருளர் என மாற்றிவிட்டார்கள். அவர் தப்பியோடிவிட்டதாகக் காவல்துறை சொன்னது. மனைவி பார்வதி நம்பவில்லை. ஆட்கொணர்வு மனுவோடு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார். வழக்கறிஞர் கே. சந்துரு வாதாடினார். மீன்சுருட்டிப் பகுதியில் கிடந்த அடையாளம் தெரியாத உடல் ராஜாக்கண்ணுவுடையது என்ற உண்மை அதன்பிறகே வெளிப்பட்டது. காவலர்களுக்குத் தண்டனை கிடைத்தது 2006இல்.

பழைய கதை என்று விட்டுவிட முடியுமா? 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார், காரில் வைத்திருந்த நகை காணாமற்போன புகாரில் அடிபட்டே இறந்தார். 1993இலும் நகை, 2025இலும் நகை. இடையில் சட்டம் சும்மா இருக்கவில்லை. கைது செய்வதற்கான விதிமுறைகளை டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் வகுத்தது. எல்லாக் காவல் நிலையங்களிலும் கண்காணிப்புக் கேமரா வேண்டும் என்று 2020இல் உத்தரவிட்டது. அஜித்குமாரை அடித்ததோ காவல் நிலையத்துக்கு வெளியே, கோயில் பக்கத்தில். கேமரா அங்கே என்ன செய்யும்?

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது. இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. 2010இல் மக்களவையில் நிறைவேறிய சித்திரவதைத் தடுப்பு மசோதா சட்டமாகாமலே காலாவதியானது. 2017இல் சட்ட ஆணையம் தனிச்சட்டம் வேண்டுமென்று மீண்டும் பரிந்துரைத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் சட்டங்களிலும் வாக்குமூலத்துக்காகக் காயப்படுத்துவது குற்றம்தான்; ஆனால் 'சித்திரவதை' என்ற பெயரில் தனிக்குற்றம் இல்லை. மாறாக, முதல் 15 நாட்களுக்குள் முடிய வேண்டியிருந்த போலீஸ் காவலை இப்போது 40 அல்லது 60 நாட்களுக்குள் பிரித்துப் பிரித்துக் கேட்கலாம். இதை நாம் சீர்திருத்தம் என்று ஏற்க இயலவில்லை.

காவல்துறையை மட்டும் குறை சொல்வதும் நியாயமல்ல. வீட்டில் நகை தொலைந்தால் நம் சந்தேகம் முதலில் யார்மேல் விழுகிறது? வேலைக்கார அம்மா மேல், வாட்ச்மேன் மேல். "ரெண்டு தட்டு தட்டினா உண்மை வந்துடும் சார்" என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்பவர்கள் ஞாயிறு திருப்பலிக்கு வருகிறவர்களாகவும் இருக்கிறார்கள். விசாரணை நடக்கும்போதே கன்னத்தில் அறை வாங்கியவர் நம் ஆண்டவர்; ஏன் அடிக்கிறாய் என்று அவரே திருப்பிக் கேட்டார்.

நம் பங்கில் யாரையாவது காவலர்கள் அழைத்துச் சென்றால், உறவினருக்குத் தகவல் சொல்லும்படி கேளுங்கள். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் 22ஆம் பிரிவு. இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது. பார்வதிக்கு அன்று அப்படி ஓர் எண் இல்லை.