உப்பு போட்டால் பனி ஏன் உருகுகிறது?



டொராண்டோவில் வசிக்கும் வாசகி ஒருவர், தன் மகன் கேட்ட கேள்வியை நமக்கு அனுப்பியிருக்கிறார். குளிர்காலத்தில் அங்கே சாலையெங்கும் உப்பு தூவுகிறார்கள். உப்பில் சூடே இல்லையே, பிறகு பனி எப்படி உருகுகிறது என்பதுதான் கேள்வி.

பனிக்கட்டி பார்ப்பதற்குத்தான் அசையாமல் கிடக்கிறது. அதன் மேல் எப்போதும் ஒரு மெல்லிய நீர்ப்படலம் உண்டு. கட்டியிலிருந்து நீர் மூலக்கூறுகள் கழன்று அந்தப் படலத்தில் சேர்வதும், படலத்தில் இருப்பவை மறுபடி கட்டியில் ஒட்டிக்கொள்வதும் ஓயாமல் நடக்கின்றன. 0 டிகிரி செல்சியஸில் இந்த வரவும் போக்கும் சரிசமம். உப்பு தூவியதும் அது சோடியம், குளோரைடு அயனிகளாகப் பிரிந்து படலத்தில் கலந்துவிடுகிறது. நீரின் செறிவு குறைவதால், கட்டிக்குத் திரும்பும் மூலக்கூறுகளும் குறைகின்றன. கழல்வது மட்டும் நிற்பதில்லை. அதனால் கட்டி கரைகிறது.

உருகத் தேவையான வெப்பம், பனியிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் எடுக்கப்படுகிறது. வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரு எவர்சில்வர் டம்ளரில் பொடித்த ஐஸ் மூன்று பங்கு, கல்லுப்பு ஒரு பங்கு போட்டுக் கிளறுங்கள். ஐஸ் உருக உருக, டம்ளரின் வெளிப்புறம் வெள்ளையாக உறைபனி படியும். குல்ஃபி விற்பவர்கள் பாலை உறைய வைப்பது இந்தக் குளிரால்தான்.

ஆனால் உப்புக்கும் ஓர் எல்லை உண்டு. ஏறத்தாழ 23 சதவீத உப்புக் கரைசல்கூட மைனஸ் 21 டிகிரியில் உறைந்துவிடும். சாலையிலோ மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போனாலே உப்பின் வேலை மிகவும் மந்தமாகிவிடும். அந்தக் குளிரில் மூன்று அயனிகளாகப் பிரியும் கால்சியம் குளோரைடு உதவும். கரையும்போது அது வெப்பத்தையும் வெளியிடும்.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷையர் மாநிலம் 1938இல் சாலைகளில் உப்பைச் சோதனை முறையில் பயன்படுத்தத் தொடங்கியது. சாலை உப்பு எத்தனையோ விபத்துகளைத் தவிர்த்திருக்கிறது. ஆனால் தூவிய உப்பு மறைந்துவிடுவதில்லை. உருகிய நீரோடு ஓடைக்கும் ஏரிக்கும் போய்ச் சேர்கிறது. ஒரு தேக்கரண்டி உப்பு, சுமார் 19 லிட்டர் நன்னீரை நீர்வாழ் உயிர்களுக்கு ஒவ்வாததாக்கப் போதும். பாலங்களின் கம்பியும் கார்களின் அடித்தகடும் துருப்பிடிப்பது இன்னொரு பக்கம்.

எனவே பனிநாடுகளில் வாழும் நம் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் பனியை வாரித் தள்ளுங்கள். பிறகு இடைவெளி விட்டு உப்பைத் தூவுங்கள். ஒவ்வொரு உப்புக்கல்லும் எஞ்சிய பனியில் சிறு துளையிட்டு அடிவரை இறங்கும். அங்கே உப்புநீர் பரவி, தரையிலிருந்து பனியைப் பிரித்துவிடும். அதன்பின் மண்வெட்டியே மிச்ச வேலையை முடிக்கும். கடுங்குளிரில் மணல் தூவினாலே வழுக்காது. மிஞ்சிய உப்பைக் கூட்டி எடுத்து அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கேள்விகளையும் எழுதி அனுப்புங்கள். சேர்ந்தே விடை தேடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்