பல் நாற்காலிக்குப் பின்னால் ஒரு பிளக் பாயின்ட்

"ரூமுக்கு எத்தனை பாயின்ட் போடட்டுங்க?" என்று எலக்ட்ரீசியன் கேட்பார். "நாலு போதுமுங்க" என்பார் கட்டடக்காரர். கோவை ராமநாதபுரமோ ஈரோடு பெருந்துறை ரோடோ, வீடாகவோ கடையாகவோ கட்டிய இடங்களில்தான் சிறு கிளினிக்குகள் பலவும் வாடகைக்கு வருகின்றன. டிவிக்கும் மிக்ஸிக்கும் கணக்குப் போட்டு வைத்த அந்த நாலு பாயின்ட்டில், நோயாளியின் உடம்பைத் தொட்டு வேலை செய்யும் கருவிகள் வந்து ஏறிக்கொள்கின்றன. நாற்காலிக்கு லட்சக்கணக்கில் செலவழிக்கும் பல் மருத்துவர், சில நூறு ரூபாய் சாக்கெட்டைத் தானே பார்த்துத் தேர்ந்தெடுப்பது அபூர்வம். அதையும் அவர்தான் பார்க்க வேண்டும்.

பல் நாற்காலியின் அடியில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். தண்ணீர்க் குழாய், காற்றுக் குழாய், கழிவுக் குழாய், மின்சார வயர் நான்கும் அதற்குள்தான் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு வருகின்றன. தண்ணீர்க் குழாயின் கிளாம்ப் லேசாகத் தளர்ந்தால் போதும். பெட்டிக்குள் ஈரம் சேரும், வெளியே யாருக்கும் தெரியாது. மேலே படுத்திருப்பவரின் வாயெல்லாம் ஈரம். உலர்ந்த தோல் மின்சாரத்துக்குக் காட்டும் எதிர்ப்பை ஈரமான வாய் காட்டாது. அதனால் நாற்காலிக்கான சாக்கெட்டைத் தரையில் கிடக்க விடாமல், தரை கழுவும் தண்ணீர் எட்டாத உயரத்தில் சுவரில் வைப்பதே சரி.

அடுத்தது தாங்கும் சக்தி. 230 வோல்ட்டில் 6 ஆம்ப்ஸ் சாக்கெட் தாங்குவது 1,380 வாட். 16 ஆம்ப்ஸ் பவர் பிளக் தாங்குவது 3,680 வாட். கருவிகளிலிருந்து கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் 2,000 வாட் என்றால் ஏறத்தாழ 9 ஆம்ப்ஸ் இழுக்கும். அதை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கம்ப்ரஸரோடு சேர்த்து மாட்டினால் பாக்ஸ் சூடாகி, பழுப்பேறி, ஒரு நாள் உருகும். சாக்கெட் வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையையும் ஐஎஸ் 1293 என்ற எண்ணையும் பார்க்க வேண்டும். பிளக்கைச் சொருகினால் இறுக்கிப் பிடிக்கவும் வேண்டும், ஏனென்றால் தளர்ந்த பிடியில்தான் பொறி பறக்கிறது. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கென்று கடுமையான சோதனை தாண்டி வரும் சாக்கெட்டின் முகத்தில் பச்சைப் புள்ளி இருக்கும். ஜெனரேட்டர் இணைப்புள்ளவற்றைச் சிவப்பு நிறத்தில் வைப்பதும் அங்கே பரவலான வழக்கம். இரண்டாவதை நம் ஊரில் ஒரு டப்பா பெயின்ட்டிலேயே செய்துவிடலாம்.

வெளிநாட்டுக் கருவிகள் சிலவற்றுக்கு ஐரோப்பிய பிளக் வருகிறது. உருண்டையாக இரண்டு பின். எர்த் இணைப்பு பிளக்கின் பக்கவாட்டுத் தகட்டில். நம் சாக்கெட்டின் துளைகளை மூடியிருக்கும் ஷட்டர், எர்த் பின் நுழைந்தால்தான் திறக்கும். அவசரத்தில் யாரோ பேனா முனையையோ கத்தரிக்கோலையோ எர்த் துளையில் விட்டு அழுத்தி, அந்த பிளக்கைத் திணித்துவிடுகிறார்கள். கருவி ஓடும். ஆனால் எர்த் இல்லை. மல்டி பிளக் வழியாக மாட்டினாலும் பெரும்பாலும் இதே கதைதான். பிளக்கை வெட்டிவிட்டு, முறைப்படி மூன்று பின் வைத்துத் தர ஒரு நல்ல வயர்மேனுக்குப் பத்து நிமிடம் ஆகும்.

எர்த் பின் இருந்தாலும் அது மண்ணைப் போய்ச் சேர வேண்டுமே. கொங்கு மண்ணுக்கென்று தனிச் சிக்கல் இருக்கிறது. கொஞ்சம் தோண்டினால் பாறை, மேலே வறண்ட மண். கரியும் உப்பும் போட்டு மூடிய எர்த் குழி, சித்திரை வெயிலில் காய்ந்துபோனால் மின்சாரத்தைச் சரியாக வாங்காது. பழைய மில் எலக்ட்ரீசியன்கள் கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றியது இதனால்தான். 1930-களில் பைக்காரா மின்சாரத்தில் ஆலைகளை ஓட்டி, மோட்டாரும் பம்புசெட்டும் செய்தே பேர் வாங்கிய ஊர் கோவை. லேத் பட்டறையில் இருக்கும் அந்தக் கவனம் கிளினிக்குக்கும் வரவேண்டும் என்பது பெரிய ஆசை அல்ல.

30 மில்லி ஆம்ப்ஸ் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி கட்டாயம் வேண்டும். ஆனால் மொத்தக் கிளினிக்குக்கும் ஒன்றே ஒன்று என்று வைத்தால், எங்கோ ஓர் ஈர வயருக்காகத் தடுப்பூசி ஃப்ரிட்ஜும் நின்றுவிடும். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து அது. ராத்திரியில் நின்றால் காலையில்தான் தெரியும். ஃப்ரிட்ஜுக்குத் தனி லைன், தனி பாதுகாப்பு, கை தவறி அணைக்க முடியாத சுவிட்ச் வேண்டும். ஆபரேஷன் தியேட்டரின் தேவையே வேறு. அங்கே ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் பற்றித் தெரிந்த பொறியாளரைத்தான் கேட்க வேண்டும்.

2024 நவம்பரில் ஜான்சி மருத்துவக் கல்லூரியில் பச்சிளங் குழந்தைகள் வார்டு எரிந்து, அன்றிரவே 10 குழந்தைகள் இறந்தன. அடுத்த மாதம் திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்து 6 பேர் இறந்தார்கள். இரண்டிலும் முதலில் சொல்லப்பட்ட காரணம் மின்கசிவு. தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்களை முறைப்படுத்த 1997-லேயே சட்டம் வந்தது, 2018-ல் விதிகளும் வந்தன. பதிவைப் புதுப்பிக்கும்போது எர்த் அளவு, ஆர்சிசிபி சோதனை, லோடு கணக்கு மூன்றும் உள்ள ஒரு பக்கச் சான்றை ஒற்றை நாற்காலி கிளினிக்கிடமும் அரசு கேட்டு வாங்க வேண்டும். அந்த எர்த் அளவையும் ஐப்பசி மழையில் எடுக்காமல் சித்திரையில் எடுக்கச் சொல்ல வேண்டும்.